கேம் விளையாடும்போது கம்ப்யூட்டர் திணறுதா? புதுசு வாங்கும் முன் இதைச் செஞ்சு பாருங்க!

எதிரி கண் முன்னால் நிற்கிறான். சுடப்போகும் நேரத்தில் திரை அப்படியே உறைந்துவிடுகிறது. மறுபடி அசையும்போது நீங்கள் அவுட்! கம்ப்யூட்டரில் கேம் விளையாடும் பலருக்கும் இது பழகிப்போன கதை. 'கிராபிக்ஸ் கார்டு மாத்தணும் போல' என்று கடைக்குக் கிளம்பும் முன், உங்களுக்குத் தெரியாமல் பின்னணியில் என்னென்ன ஓடுகிறது என்று ஒருமுறை பாருங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை. ஆனால் எதை மூடலாம், எதைத் தொடவே கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

பின்னணியில் என்ன நடக்குது?

கேம் நொடிக்கு 60 ஃபிரேம் வேகத்தில் ஓட வேண்டும் என்றால், ஒவ்வொரு ஃபிரேமையும் தயாரிக்க கம்ப்யூட்டருக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 16.7 மில்லி செகண்ட் மட்டுமே. அந்த நேரத்தில் ஏதோ ஒரு ஆப் அப்டேட்டை இறக்க ஆரம்பித்தாலோ, கிளவுடில் போட்டோக்களை ஏற்ற ஆரம்பித்தாலோ, பிராசஸர் அதையும் கவனிக்க வேண்டியிருக்கும். ஃபிரேம் தாமதமாகும். அதைத்தான் நாம் 'லேக்' என்கிறோம்.

ரேம் விஷயமும் இதேதான். 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் விண்டோஸ், பிரவுசர், சாட் ஆப் எல்லாம் ஓடினால் கேமுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். ரேம் நிரம்பிவிட்டால் ஹார்ட் டிஸ்க்கின் ஒரு பகுதியை விண்டோஸ் ரேம் போலப் பயன்படுத்தும். அது ரேமைவிட ரொம்ப மெதுவானது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில், கிராபிக்ஸ் சிப்பும் இதே ரேமில்தான் பங்கு கேட்கும்.

முதலில் சோதனை

கேம் ஓடும்போதே கீபோர்டில் விண்டோஸ் பட்டனையும் ஜி எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் கேம் பாரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பெட்டியைத் திறந்து, 'பின்' குறியைத் தட்டினால் அது திரையிலேயே நிற்கும். சிபியு, ஜிபியு, ரேம் மூன்றின் பயன்பாடும் அதில் தெரியும்.

ரேம் 90 சதவீதத்தைத் தாண்டுகிறதா? சிபியு 100-ஐ நெருங்குகிறதா? அப்படியென்றால் பின்னணி ஆப்களை மூடுவது நிச்சயம் கைகொடுக்கும். அவை இரண்டும் நிதானமாக இருந்து, ஜிபியு மட்டும் 100-ஐத் தொட்டால் சிக்கல் கிராபிக்ஸில்தான். அங்கே பின்னணி ஆப்களை மூடி பெரிய பலன் இருக்காது.

என்னென்ன செய்யலாம்?

1. ஸ்டார்ட்அப் ஆப்கள்: கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' பகுதிக்குப் போனால், கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் தானாகத் தொடங்கும் ஆப்களின் பட்டியல் வரும். தேவையில்லாததை 'டிசேபிள்' செய்யுங்கள. பயப்பட வேண்டாம், ஆப் அழிந்துபோகாது. வேண்டும்போது நீங்களே திறந்துகொள்ளலாம்.

2. பிரவுசர்: குரோம், எட்ஜ் இரண்டுமே மூடிய பிறகும் பின்னணியில் ஓட வாய்ப்புண்டு. அவற்றின் செட்டிங்ஸில் 'சிஸ்டம்' பகுதிக்குப் போய், மூடிய பிறகும் பின்னணியில் இயங்க அனுமதிக்கும் ஆப்ஷனை ஆஃப் செய்துவிடுங்கள்.

3. பின்னணி ரெக்கார்டிங்: விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், கேமிங், கேப்சர்ஸ் என்று போங்கள். 'ரெக்கார்ட் வாட் ஹாப்பன்ட்' ஆன் செய்யப்பட்டிருந்தால், நீங்கள் விளையாடுவதை கம்ப்யூட்டர் தொடர்ந்து பதிவு செய்துகொண்டே இருக்கும். வீடியோ போடும் பழக்கம் இல்லையென்றால் ஆஃப் செய்யலாம்.

4. கிளவுட் சேமிப்பு: ஒன்டிரைவ் போன்றவற்றை விளையாடும் நேரத்துக்கு மட்டும் 'பாஸ்' செய்து வையுங்கள். ஆன்லைன் கேமுக்கு இன்டர்நெட் வேகமும் மிச்சமாகும்.

5. கேம் மோட்: அதே கேமிங் பகுதியில் இது ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். விளையாடும்போது விண்டோஸ் அப்டேட் டிரைவர்களை இன்ஸ்டால் செய்வதையும், ரீஸ்டார்ட் கேட்டுத் தொல்லை செய்வதையும் இது தடுக்கும்.

இதைத் தொடாதீங்க!

டாஸ்க் மேனேஜரில் பெயர் புரியாத எதையும் 'எண்ட் டாஸ்க்' கொடுக்காதீர்கள். 'சர்வீஸ் ஹோஸ்ட்' என்ற பெயரில் பல வரிகள் இருக்கும். அது வைரஸ் என்று நினைத்து மூடினால் சவுண்டோ, இன்டர்நெட்டோ நின்றுபோகலாம். சில முக்கியமான சிஸ்டம் ப்ராசஸ்களை மூடினால் கம்ப்யூட்டரே எர்ரர் திரை காட்டி நின்றுவிடும்.

வேலரன்ட் விளையாடுபவர்கள் 'வேன்கார்ட்' என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளை ஸ்டார்ட்அப்பில் நிறுத்தக் கூடாது. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே அதுவும் தொடங்கினால்தான் அந்த கேம் ஓடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஆன்டிவைரஸ். 'ஒரே கிளிக்கில் ஃபிரேம் டபுள்' என்று ஆசை காட்டி, இன்ஸ்டால் செய்யும் முன் ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணச் சொல்லும் மென்பொருள்களை நம்பாதீர்கள். வீட்டில் ஒரே கம்ப்யூட்டர்தான் இருக்கும். பையன் கேம் விளையாடும் அதே கம்ப்யூட்டரில்தான் அப்பா நெட் பேங்கிங் பார்ப்பார். நாலு ஃபிரேம் கூடும் என்பதற்காக, சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளைத் திருடனுக்குத் திறந்துவிடுவது சரியா?

எவ்வளவு வித்தியாசம் தெரியும்?

எல்லாம் முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்து, அதே கேமில் அதே இடத்தில் மறுபடி சோதித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஃபிரேம் எண்ணிக்கை தாறுமாறாகக் கூடாது. ஆனால் நடுநடுவே திக்கித் திக்கி நிற்பது குறையும். பழைய பிராசஸர், குறைந்த ரேம் உள்ளவர்களுக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

அப்போதும் திணறினால், கேமின் ரெசல்யூஷனை 1920x1080-லிருந்து 1280x720-க்கு மாற்றிப் பாருங்கள். கிராபிக்ஸ் சிப் வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே குறைந்துவிடும். இத்தனைக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால், அப்போது கடைக்குப் போகலாம். ரேம் வாங்குவதா, கிராபிக்ஸ் கார்டு வாங்குவதா என்பதும் அந்தச் சோதனையிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.