பனையோலையில் தொங்கும் கூடுகள்

ரயிலிலோ பேருந்திலோ செல்வோர் ஜன்னல் வழியே காணும் காட்சிகளுள், வயலோரப் பனையோலை நுனிகளிலும் கிணற்றின் மேல் கவிந்த முள்மரக் கிளைகளிலும் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடுகள் சற்று நின்று பார்க்கத் தக்கவை. நெல்லிலையையும் கோரைப்புல்லையும் நீள நாராகக் கிழித்து வந்து, அலகினாலேயே முடிச்சிட்டுப் பின்னும் அவ்வேலை ஆண் குருவிக்கு உரியது. கூடு பாதி உருவாகி, நடுவே ஒரு குறுக்குப் பட்டையுடன் கவிழ்ந்து நிற்கும் கட்டத்தை, அதன் வடிவம் கருதிப் பறவையியலார் ‘தலைக்கவச நிலை’ என்பர். அப்போது பெண் குருவிகள் வந்து உள்ளே புகுந்து சோதிக்கின்றன. ஒன்று ஏற்றுக்கொண்டால்தான் முட்டை அறையும் நீண்ட நுழைவுக் குழாயும் முழுமை பெறும். எனவே குழாயின்றித் தொங்குபவற்றுள் பல, காற்றில் சிதைந்தவை அல்ல, பெண் குருவியால் ஏற்கப்படாதவை. ஒரு கூட்டை முடித்த ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி வேறொரு துணையை நாடும் வழக்கத்தை, மும்பைக்கு அருகேயுள்ள கிஹிம் கடற்கரைச் சிற்றூரில் பொறுமையாகக் கண்டறிந்த பறவையியலாளர் சாலிம் அலி, அதனை 1931-இல் கட்டுரையாக வெளியிட்டார்.

வீட்டுத் தோட்டத்திலும் இதற்கு ஈடான வியப்பு உண்டு. தையல்சிட்டு அகன்ற இலையின் ஓரங்களில் அலகால் துளையிட்டு, பஞ்சிழையையோ சிலந்தி நூலையோ கோத்து இலையைப் பையாக மடிக்கிறது. இலை பச்சையாகவே இருப்பதால், நாள்தோறும் செடிக்கு நீர் ஊற்றுவோரும் அருகிலுள்ள கூட்டை அறிவதில்லை.