ஒற்றைக் குரல் கேட்ட கேள்வி

2010 அக்டோபரில் டெல்லியில் நடந்த காமன்வெல்த் போட்டியை நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தங்கப் பதக்கத்தில் இந்தியா 38, இங்கிலாந்து 37. ஒரே ஒரு தங்கத்தில் முந்தினோம். அந்தக் குதூகலத்தில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம். இங்கிலாந்து வீரர்கள் தங்கம் வாங்க மேடையேறியபோது ஒலித்தது, அரசியை வாழ்த்தும் வழக்கமான கீதம் அல்ல. அது பிரிட்டன் முழுமைக்கும் பொதுவானது. இங்கிலாந்துக்கென்று அதிகாரபூர்வமான தனிப் பாட்டு கிடையாது. அதனால் போட்டிக்கு முன்பே மூன்று பாட்டுகளை வைத்து மக்களிடம் வாக்கெடுத்தார்கள். பாதிக்கு மேல் வாக்கு வாங்கி வென்ற பாட்டின் பெயர் 'ஜெருசலேம்'.

தேசபக்திப் பாட்டு என்றால் மலையைப் புகழும், கடலைப் புகழும், எதிரியை எச்சரிக்கும். இந்தப் பாட்டு கேள்வி கேட்கிறது. 16 வரிகளில் முதல் 8 வரிகளும் கேள்விகளே. இயேசு இந்த மண்ணை மிதித்ததுண்டா, ஆலைகள் இருட்டாக எழுந்து நிற்கும் இதே இடத்தில் ஒரு புனித நகரம் இருந்ததுண்டா என்ற போக்கில் நான்கு கேள்விகள். ஒன்றுக்கும் பதில் இல்லை. பிற்பாதியில் ஒரு சபதம் வருகிறது: அந்த நகரத்தை எழுப்பும்வரை ஓயமாட்டேன் என்று. நாட்டின் பெருமை என்று எடுத்துக்கொண்டால், நிலம் பசுமையானது என்பதற்கு மேல் பாட்டில் எதுவும் இல்லை.

இப்படிப்பட்ட பாட்டை நெஞ்சை நிமிர்த்தி, கொடியை ஆட்டி, வெற்றி முழக்கமாகப் பாடுகிறார்களே என்பதுதான் இதன் கதையைப் படிக்கப் படிக்க என்னை உறுத்துகிறது.

தகட்டில் செதுக்கிய கோபம்

எழுதியவர் வில்லியம் பிளேக். 1757-ல் லண்டனில் ஒரு காலுறை வியாபாரிக்குப் பிறந்தவர். செப்புத் தகட்டில் படம் செதுக்கி அச்சிடுவது அவர் பிழைப்பு. தன் கவிதைகளையும் தானே தகட்டில் எழுதி, படம் வரைந்து, அச்சிட்டு, வண்ணம் தீட்டினார். வாங்க ஆள் அதிகம் இல்லை.

1800-ல் லண்டனை விட்டு சசெக்ஸ் கடற்கரையோரம் ஃபெல்பம் என்ற சிற்றூருக்குக் குடிபோனார். 1803-ல் அவர் வீட்டுத் தோட்டத்துக்குள் வந்த சிப்பாய் ஒருவரைப் பிடித்து வெளியே தள்ளினார். மன்னரைச் சபித்துப் பேசினார் என்று அந்தச் சிப்பாய் புகார் கொடுக்க, ராஜத்துரோக வழக்கு பாய்ந்தது. 1804 ஜனவரியில் சிச்செஸ்டரில் விசாரணை. குற்றமற்றவர் என்று விடுதலையானார். பிளேக்கின் 'மில்டன்' என்ற நீண்ட கவிதை நூலின் முகப்பில் இருப்பதும் அதே 1804-தான். அதன் முன்னுரையின் கீழே செதுக்கப்பட்டவைதான் இந்த 16 வரிகள். மன்னருக்கு எதிராகப் பேசியதாகக் கூண்டில் நின்றவரின் வரிகள், பின்னாளில் அரச குடும்பத்துத் திருமணத்தில் பாடப்பட்டன.

'மில்டன்' நூலில் இன்று நமக்குத் தெரிந்தவை நான்கே பிரதிகள். அவற்றிலும் இரண்டில்தான் அந்த முன்னுரை இருக்கிறது. அந்த இரண்டும் கரையானுக்கோ தீக்கோ போயிருந்தால் பாட்டே இல்லை.

அரிமத்தியா யோசேப்போடு இளவயது இயேசு இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரிக்கு வந்தார் என்று நாட்டுப்புறக் கதை ஒன்று உண்டு. பிளேக்கின் முதல் கேள்விக்கு அதுதான் வேர் என்பார்கள். ஆலைகள் எவை என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. பிளேக் குடியிருந்த லாம்பெத் பகுதிக்குப் பக்கத்தில், தேம்ஸ் கரையில், நீராவியால் ஓடிய ஆல்பியன் மாவு ஆலை 1786-ல் தொடங்கி 1791-ல் எரிந்து கரியானது. அந்தக் கரிந்த சுவர்கள்தான் என்பவர்கள் உண்டு. மனித மனத்தை அரைத்துப் பொடியாக்கும் எல்லா நிறுவனங்களும்தான் என்பவர்களும் உண்டு.

எதுவானாலும், வரிகளுக்கு மேலே இருந்த உரைநடை குழப்பமே இல்லாமல் பேசுகிறது. மனத்தின் போரை அமுக்கிவிட்டு உடலின் போரை நீட்டித்துக்கொண்டே போகிறவர்களுக்கு எதிராக இளைஞர்களை அழைக்கிறது. பாட்டில் வரும் வில்லும் வேலும் வாளும் ஆள் கொல்வதற்கானவை அல்ல என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு கவிஞர் சொல்ல முடியாது.

1827-ல் பிளேக் ஏழையாகவே இறந்தார். லண்டனின் பன்ஹில் இடுகாட்டில், இன்ன இடம் என்று தெரியாதபடி புதைக்கப்பட்டார். புதைத்த இடத்தின் மேலேயே பெயர் பொறித்த கல் வந்தது 2018-ல்.

போர் மேடையில்

நூறு ஆண்டுகளுக்கு மேல் வரிகள் அப்படியே கிடந்தன. 1916 தொடக்கத்தில் அரசவைக் கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ் தொகுத்த நூல் ஒன்றில் இடம்பெற்றன. முதல் உலகப் போர்முனையிலிருந்து சாவுச் செய்தி வராத நாள் இல்லாத காலம். மக்களின் உறுதி தளரக் கூடாது என்று 'ஃபைட் ஃபார் ரைட்' என்ற இயக்கம் கூட்டங்கள் நடத்தியது. கூட்டமே சேர்ந்து பாடும்படி மெட்டுப் போட்டுத் தரும்படி இசையமைப்பாளர் ஹியூபர்ட் பாரியை பிரிட்ஜஸ் கேட்டார். மார்ச் 10 அன்று பாரி மெட்டமைத்தார். மார்ச் 28 அன்று லண்டன் குயின்ஸ் ஹாலில் முதன்முதலாக ஒலித்தது.

உடலின் போரை வெறுத்தவரின் வரிகள் உடலின் போருக்கு ஊக்கம் தரும் மேடையில் ஏறியது இப்படித்தான். மேலே இருந்த உரைநடை கூட வரவில்லை. மெட்டுக்குள் அடங்குவது வரிகள் மட்டும்தானே.

பாரிக்கு அது உறுத்தியது. ஜெர்மன் இசையில் ஊறி வளர்ந்த அவருக்கு அந்த மேடையின் வேகம் ஒப்பவில்லை. 1917-ல் இயக்கத்திலிருந்து விலகிக்கொண்டார். பாட்டு அநாதையாகியிருக்கும். பெண்கள் எடுத்து வளர்த்தார்கள்.

பெண்களின் சொத்து

1918-ல் 30 வயது கடந்த பெண்களுக்கு, சில நிபந்தனைகளோடு, வாக்குரிமை கிடைத்தது. அந்த மார்ச்சில் குயின்ஸ் ஹாலில் நடந்த கொண்டாட்டத்தில் இந்தப் பாட்டு பாடப்பட்டது. பெண் வாக்காளர்களின் பாட்டாக இது ஆக வேண்டும் என்று பெண்கள் வாக்குரிமைச் சங்கத் தலைவர் மில்லிசென்ட் ஃபாசெட் விரும்பினார். பாரி மகிழ்ந்து, காப்புரிமையையே அவருடைய சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். அதே ஆண்டு அக்டோபரில், உலகை வாரிக்கொண்டு போன காய்ச்சல் காலத்தில், பாரி இறந்தார். 1928-ல் ஆணுக்கு நிகரான வாக்குரிமை வந்து சங்கத்தின் வேலை முடிந்ததும், காப்புரிமை கிராமத்துப் பெண்களின் அமைப்பான 'விமன்ஸ் இன்ஸ்டிடியூட்'டுக்குப் போனது. 1968-ல் காலாவதியாகும்வரை அவர்களிடமே இருந்தது. ஒரு நாடு பெருமையோடு பாடும் பாட்டு அரை நூற்றாண்டு பெண்களின் கையில் இருந்தது என்பது சின்ன விஷயமா?

அவர்கள் கையில்தான் பாட்டு தன் பொருளுக்கு மிக அருகில் இருந்தது என்று நான் நம்புகிறேன். இன்னும் கட்டி முடிக்காத நகரம் என்ற எண்ணம் அவர்களுக்கு வெறும் உருவகம் அல்ல, அன்றாட வாழ்க்கை. 1945-ல் தொழிற்கட்சி, போரில் இடிந்த நாட்டைப் புதிய ஜெருசலேமாக எழுப்புவோம் என்று சொன்னபோதும் அந்தப் பொருள் உயிரோடுதான் இருந்தது.

அதற்குப் பிறகு எல்லோரும் பாடினார்கள். எதிர்க்கட்சியும் பாடியது, ஆளும் கட்சியும் பாடியது. கோடைக்கால இசைவிழாவின் கடைசி இரவில், 1922-ல் இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கர் பூட்டிய வாத்திய அலங்காரத்தோடு, கொடிகளின் காட்டுக்கு நடுவே அரங்கமே எழுந்து பாடுகிறது. கிரிக்கெட் மைதானத்திலும் பாடுகிறார்கள். மெட்டு நெஞ்சைத் தொட்டால் போதாதா, பொருள் எதற்கு என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

எனக்குப் போதவில்லை. கேள்வியை ஆயிரம் பேர் ஒரே மூச்சில் உரக்கப் பாடினால் அது 'ஆமாம்' என்று ஒலிக்கிறது. நம் நிலம் ஏற்கெனவே புனிதமானது, நம் நகரம் ஏற்கெனவே கட்டியாயிற்று என்று பாடுகிறவர்களே நம்பிவிடுகிறார்கள். கடவுளை விளித்துப் பாடவில்லை, இது துதிப்பாடலே அல்ல என்று இதைத் தேவாலயத்தில் அனுமதிக்க மறுத்த பாதிரியார்கள் உண்டு. அவர்களோடு நான் உடன்படவில்லை. ஆனால் அவர்களாவது சொற்களைக் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறார்கள்.

பாரிக்கு இந்த ஆபத்து தெரிந்திருக்குமோ என்று தோன்றுகிறது. முதல் பாதியைத் தனிக் குரலோ பெண் குரல்களோ பாட வேண்டும், இரண்டாம் பாதிக்குத்தான் எல்லோரும் சேர வேண்டும் என்பது அவர் போட்ட அமைப்பு. கேட்பவர் ஒருவர், சபதம் எடுப்பவர்கள் எல்லோரும். இன்று முதல் சொல்லிலிருந்தே கூட்டம் சேர்ந்துகொள்கிறது. கேள்வி கூட்டத்தில் கரைந்துவிடுகிறது.

2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஒருமுறை அது கரையாமல் நின்றது. மாபெரும் அரங்கத்தில் ஒரு சிறுவன் மட்டும் வாத்தியத் துணையில்லாமல் பாடத் தொடங்கினான். அவனுக்குப் பின்னால் ஆடுகள் மேயும் புல்வெளி. சற்று நேரத்தில் அந்தப் புல்லைச் சுருட்டி எடுத்துப்போனார்கள். அது கிடந்த மண்ணைத் துளைத்துக்கொண்டு ஆலைப் புகைபோக்கிகள் எழுந்தன.