பையர் வருகிற நாளும் பாடம் நடக்கிற நாளும்

திருப்பூரில் தைத்த சட்டை கடல் கடந்து போவது புதுமையன்று. 1970களின் இறுதியில் ஐரோப்பிய வியாபாரிகள் இவ்வூர்ப் பனியன் கம்பெனிகளின் படியேறத் தொடங்கிய காலமுதல், ஆண்டொன்றுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி நடக்கும் இந்நாள்வரை, கட்டிங்கிலும் பவர் டேபிளிலும் செக்கிங்கிலும் நிற்கிற ஜனங்கள், தாங்கள் ஒருபோதும் காணப்போகாத தேசத்து மனிதரின் தோளளவையும் மார்பளவையும் மனப்பாடமாக அறிந்திருக்கிறார்கள். அந்தத் தோளுக்குரியவன் யார், என்ன படிக்கிறான், எதற்குப் பயப்படுகிறான் என்று அறிய மட்டும் அவர்களுக்குச் சந்தர்ப்பம் வாய்த்ததில்லை. அவர்கள் குழந்தைகளுக்கேனும் அது வாய்க்கக்கூடும் என்பதே, இணையவழியில் நம் பள்ளி அயல்நாட்டுப் பள்ளியோடு தோழமை கொள்ளும் ஏற்பாட்டில் என்னைக் கவர்ந்த விஷயம்.

ஏற்பாடு ஒன்றும் நேற்று முளைத்ததன்று. அமெரிக்காவும் சோவியத் நாடும் ஒன்றையொன்று சந்தேகித்துக்கொண்டிருந்த 1988இலேயே நியூயார்க் மாநிலப் பள்ளிகளும் மாஸ்கோப் பள்ளிகளும் கணினிவழியே பேசத் தொடங்கிவிட்டன. 2005இல் ஐரோப்பிய ஆணையம் ‘இ-ட்வின்னிங்’ என்ற பெயரில் தன் கண்டத்துப் பள்ளிகளை இணைத்தது. திருப்பூருக்கோ கடிகாரமே அனுகூலமாயிருக்கிறது. குளிர்காலத்தில் ஜெர்மனியில் காலை ஒன்பது மணி அடிக்கும்போது இங்கே பகல் ஒன்றரை. ஆகவே இருபுறத்து வகுப்பும் பள்ளி நேரத்திலேயே சந்திக்கலாம். இந்தக் கணக்கு, வெளிநாட்டு வியாபாரிகளோடு பேசும் நம் மெர்ச்சண்டைசர்களுக்கு ஏற்கெனவே கைவந்த வித்தை.

இந்தத் தோழமையால் பத்தாம் வகுப்புத் தேர்வில் ஒரு மதிப்பெண்ணும் ஏறாது என்பார் உண்டு. அவர்கள் சொல்வது பொய்யன்று. ஆனால் உபாத்தியாயர்களுக்கு இதனால் வரும் பிரயோஜனத்தை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. பிறர் பாடம் நடத்துவதைப் பார்க்கும் வாய்ப்பு நம் ஆசிரியர் பலருக்குப் பயிற்சிக் கல்லூரியோடு தீர்ந்துபோகிறது. அதன்பின் அவர்கள் வகுப்புக்குள் நுழையும் பெரியவர் பெரும்பாலும் பரிசோதிக்க வரும் அதிகாரியே. தம்மைப்போலவே நாற்பது நிமிஷத்தோடு மல்லுக்கட்டும் இன்னொருவரைத் திரையில் காண்பதும், ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு அவர் எவ்வளவு நேரம் மௌனமாகக் காத்திருக்கிறார் என்று கவனிப்பதும், எத்தனையோ பயிற்சி முகாம்களில் கிடைக்காத படிப்பு. புதுச்சேரியைச் சேர்ந்த காளிக்குப்பத்தில் பேராசிரியர் சுகதா மித்ரா நடத்தி 2010இல் வெளியிட்ட சோதனை இங்கே நினைக்கத் தக்கது. தமிழ்க் குழந்தைகள் கணினியின் துணையால் உயிர்மூலக்கூற்றியலைத் தாமே ஓரளவு கற்றார்கள். பாடமே அறியாத ஓர் இளம்பெண் பின்னால் நின்று, ‘அட, இது எப்படி?’ என்று வியந்து கேட்கக் கேட்க இன்னும் அதிகம் கற்றார்கள். பிரிட்டனில் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் பலர் இந்தியக் குழந்தைகளோடு ஸ்கைப்பில் பேச முன்வந்ததும் மித்ராவின் அழைப்பாலேதான். சோதனையின் முடிவுகளை ஐயுறும் ஆய்வாளர் உண்டென்றாலும், தூரத்திலிருந்து கேட்கும் ஒரு மனிதருக்குரிய மதிப்பு எனக்கு இதில் விளங்குகிறது.

என் கவலை வேறு. வெளிநாட்டார் பார்வைக்கு ஊரை எப்படி வைத்துக் காட்டுவது என்பதில் திருப்பூருக்கு நெடிய அனுபவம் இருக்கிறது. சரக்கு வாங்கும் பையர் வருகிறார், ஆடிட் வருகிறது என்றால் தரை கழுவப்படுகிறது, முதலுதவிப் பெட்டியில் மருந்து சேர்கிறது, இன்ன கேள்விக்கு இன்ன பதில் என்று தொழிலாளிக்குச் சொல்லியும் தரப்படுகிறது. இந்தப் பழக்கம் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தால் என்னாகும்? ஆங்கிலம் சரளமாகப் பேசும் அதே இரண்டு பிள்ளைகள் காமிராவுக்கு முன் நிறுத்தப்படுவார்கள். பட்டுப் பாவாடையும் பொங்கல் பானையும் கோலமும் திரையை நிறைக்கும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பெற்றோரோடு வந்து, வீட்டில் ஒரு பாஷையும் வகுப்பில் ஒரு பாஷையும் கடைவீதியில் மூன்றாவதொன்றும் பேசும் சிறுமி கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருப்பாள். உலகத்தைக் குறித்துப் பேச அந்த வகுப்பில் அவளைவிட யோக்கியதை உள்ளவர் யார்?

பேசுவதற்கு விஷயம் இல்லாமலும் இல்லை. நொய்யல் ஆற்றில் சாயநீர் கலந்த கதையும், ஒரத்துப்பாளையம் அணையில் அது தேங்கி உழவரை வருத்தியதும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதும், துளிக் கழிவுநீரும் வெளியேறலாகாதென்ற நியதியை ஏற்று அவை மீண்டதும், இங்கே தைத்த சட்டையை அயல்நாட்டில் அணிந்திருக்கும் பிள்ளைக்கும் சொந்தமான சரித்திரம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தது பல வீடுகளின் சனிக்கிழமைச் சம்பளத்தைப் பற்றிய பேச்சாயிற்று. இவற்றைப் பேசத் துணியாத தோழமை வெறும் சாம்பிள் பீஸ்.

ஆங்கிலத்தின் பாரத்தைக் குறைக்க ஒரு வழி உண்டு. கனடாவிலும் சுவிட்சர்லாந்திலும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் படிக்கும் நம் வம்சத்துப் பிள்ளைகள், தமிழைத் திக்கித் திக்கிப் பேசுகிறவர்கள். அவர்களோடு சேர்ந்தால் நம் கடைசி வரிசைப் பிள்ளை திருத்தும் இடத்தில் இருப்பான். 2001 முதல் தமிழ் இணையக் கல்வியைத் தமிழகம் கடல் கடந்து அளித்தே வருகிறது. தடை ஒன்று உண்டு: அவர்கள் வகுப்பு சனி, ஞாயிறுகளில், நம் அரசுப் பள்ளியின் ஹைடெக் லேபுக்கு அன்று பூட்டு. திறந்து உட்காரும் ஆசிரியருக்கு ஈடுசெய் விடுப்பு அளிக்கும் ஆணையொன்று போதும். அதற்குச் செலவும் அதிகமில்லை.