தேக்கிய நீரும் திரட்டிய மின்னும்

மாலை ஆறரை மணியளவில் இத்தீவின் வீடுகளில் விளக்குகள் ஒருங்கே ஒளிரத் தொடங்குகின்றன. அவ்வேளையில் மலைநாட்டில் எந்த நீர்த்தேக்கத்திலிருந்து எவ்வளவு நீர் விடப்படுகின்றது என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

பௌதிக வகுப்பில் நாம் மனனஞ் செய்த அழுத்தசக்திச் சமன்பாடே இங்கும் ஆட்சி செய்கின்றது. ஒரு கன மீற்றர் நீர் ஏறத்தாழ 367 மீற்றர் வீழ்ந்தால், இழப்பேதுமில்லை எனக் கொள்ளின், ஒரு கிலோவாற்று மணி மின்சாரம் பிறக்கும். ஆகவே நீரின் அளவு மட்டுமன்றி, அது வீழும் உயரமும் கணக்கிற்குரியது. நீர்த்தேக்கத்தை நிறைவாக வைத்திருப்பின் ஒவ்வொரு துளியும் கூடிய வேலை செய்யும். ஆனால் அடுத்த பெருமழையை ஏற்க இடமின்றி, நீர் வான் பாய்ந்து வீணே கழியும். தாழ்த்தி வைத்திருப்பின் வான் பாயாது, உயரமோ குறையும், மழை பொய்த்தாற் கையிருப்பும் இராது.

விமலசுரேந்திரா 1918இல் எடுத்துரைத்த லக்சபானா மின்திட்டம் 1950இலேயே ஒளி தந்தது. அதற்கு மேலே பின்னர் எழுந்த காசல்றீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் பெரிதும் மின்சாரத்துக்கே உரியவை. தென்மேற் பருவமழையில் நிரப்பி, வறண்ட மாதங்களிற் செலவிடுவதே அங்குள்ள கணக்கு.

மகாவலியிலோ வழக்கு வேறு. அங்கே உழவனும் உரிமை கோருகின்றான். பொல்கொல்லை அணை 1976இல் முடிவுற்றபோது, மகாவலி நீரின் ஒரு பகுதி சுரங்கவழியாக உக்குவளை மின்னிலையத்துக்குத் திருப்பப்பட்டது. அங்கிருந்து அது சுது கங்கை, அம்பன் கங்கை வழியே சென்று, கலாவாவி முதலான குளங்களின் வயல்களைச் சேர்கின்றது. திருப்பாது விட்டால் அதே நீர் விக்ரோறியா, ரந்தெனிகலை, ரந்தம்பை என்னும் மூன்று நிலையங்களிலும் அடுத்தடுத்து வேலை செய்யும். விக்ரோறியாவில் மாத்திரம் வீழும் உயரம் ஏறத்தாழ 190 மீற்றர்; உக்குவளையில் அதன் பாதிக்குங் குறைவு. ஆதலால் பொல்கொல்லையில் திருப்பப்படும் ஒவ்வொரு கன மீற்றரும் வடமத்திய வயலுக்கு வரவு, மின்சாரத்துக்குச் செலவு. ஆயினும் இதனை இழப்பென்று கூற நாம் துணியோம். நெல்லும் ஒருவகைச் சக்தியன்றோ!

நேரத்தைப் பற்றிய பிணக்கும் உண்டு. மின்சாரம் மாலைப் பொழுதில் நீரை விரைந்து கேட்கும்; வாய்க்காலோ அல்லும் பகலும் சீராகக் கேட்கும். இவ்விரண்டையும் இணக்குவதே சிறிய ரந்தம்பையின் பணி. மேலிருந்து மாலையிற் பாய்ந்து வரும் நீரை ஏற்று, மினிப்பே அணைக்கட்டுக்கு ஒழுங்காக விடுகின்றது. அளவிற் சிறிதாயினும் நம் மதிப்பில் அதுவே கெட்டிக்கார நீர்த்தேக்கம்.

1996இல் வானம் பொய்த்தது. அக்காலத்தில் நாட்டின் மின்சாரம் பெரும்பாலும் நீரையே நம்பியிருந்தது. நாள்தோறும் பல மணிநேர மின்வெட்டை மக்கள் அனுபவித்தனர். பழியை மழைமீது மட்டும் சுமத்துவது முறையன்று. மாற்று நிலையங்கள் போதியளவு இன்மையால், பற்றாக்குறை முழுவதையும் நீர்த்தேக்கங்களே தாங்க நேர்ந்தது. பின்னர் எண்ணெயும், 2011 முதல் நுரைச்சோலையில் நிலக்கரியும் துணைக்கு வந்தன.

இப்பொழுது கூரைகள்தோறும் சூரியத் தகடுகள் பெருகுகின்றன. பகலில் வெயில் தரும் மின்சாரத்தைப் பயன்படுத்தினால், அந்நேரத்தில் நீரைத் தேக்கத்திலேயே நிறுத்தி, இருள் கவிந்தபின் சுழலிகளுக்கு விடலாம். பொறியியல் பயிலப் புகும் நம் மாணவருக்கு இங்கே வேலை நிறைய உண்டு. வயலுக்கு விடவேண்டிய நீரின் கணக்கு மட்டும் முன்போலவே மேசைமீது இருக்கும்.