பெரியவர்களின் பாட்டைப் பதிந்து வைப்போம்: காசில்லாமல் ஒலிப்பதிவு செய்யும் முறை



தாலாட்டு, ஒப்பாரி, கொழுந்து மலைப் பாட்டு, காமன் கூத்துப் பாட்டு என்று நம்ம லயங்களில் எத்தனையோ உண்டு. இவற்றை முழுசாகத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் வயசானவங்க. அவர்கள் கண்மூடினால் பாட்டும் கூடவே போய்விடும்.

மலையகத்தில் சி.வி. வேலுப்பிள்ளை நமது மக்களின் பாடல்களைத் திரட்டிப் புத்தகமாக்கினார். கிழக்குக் கரையில் நிந்தவூர் எழுத்தாளர் எஸ். முத்துமீரான், அப்பகுதி முஸ்லிம் மக்களின் கிராமியக் கவிகளைச் சேர்த்து நூலாக்கினார். இரண்டும் பெரிய சேவை. ஆனால் புத்தகம் சொல்லைத்தான் காக்கும். ராகமும், இழுத்துப் பாடும் மூச்சும் நிலைக்க வேண்டுமென்றால் குரலையே பதிய வேண்டும். கையிலுள்ள போனும், ‘ஓடாசிட்டி’ என்ற இலவச மென்பொருளும் அதற்குப் போதும். 2000ஆம் ஆண்டு வெளியான இந்த மென்பொருள் கணினியில் இயங்கும். போனில் பதிந்து, கணினியில் திருத்தலாம்.

பதியும்போது

1. முதலில் பாடுபவரிடம் சம்மதம் கேளுங்கள். யாருக்கெல்லாம் போட்டுக் காட்டலாம் என்றும் கேளுங்கள்.

2. மழை நேரத்தில் தகரக் கூரைக்குக் கீழே பதிய வேண்டாம். துணிமணி நிறைந்த சின்ன அறை நல்லது, எதிரொலி குறையும்.

3. போனை ‘பிளைட் மோட்’டில் போடுங்கள். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேரே வைத்தால் மூச்சுக்காற்று அடிக்கும்.

4. பெயர், தோட்டம், திகதி ஆகியவற்றைச் சொல்லுங்கள். பிறகு பத்து விநாடி எல்லோரும் சும்மா இருங்கள். இந்த மௌனம் பின்னால் உதவும்.

திருத்தும்போது

பதிவைக் கணினிக்கு மாற்றி, ஒரு பிரதி எடுத்து, பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள். ஓடாசிட்டியில் திறந்தால் குரல் அலையலையாகத் தெரியும். வேண்டாத பகுதியை மவுஸால் இழுத்துக் குறித்து ‘டிலீட்’ அழுத்தினால் வெட்டுப்படும். தவறினால் ‘கண்ட்ரோல்’, ‘இசட்’ இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள், பழையபடி வந்துவிடும்.

இரைச்சலைக் குறைக்க, அந்தப் பத்து விநாடி மௌனத்தைக் குறித்து, ‘நொய்ஸ் ரிடக்ஷன்’ பகுதியில் ‘கெட் நொய்ஸ் புரொபைல்’ என்பதை அழுத்துங்கள். எது இரைச்சல் என்று மென்பொருள் அதிலிருந்து தெரிந்துகொள்ளும். பிறகு முழுப் பதிவையும் குறித்து அதே பகுதிக்குப் போய் ‘ஓகே’ கொடுங்கள். அளவு மீறினால் குரல் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆகிவிடும்.

ஒப்பாரியில் அடிகளுக்கு நடுவே வரும் விம்மலையும் நிறுத்தத்தையும் வெட்டாதீர்கள். அதுவும் பாட்டுத்தான்.

சேமிக்கும்போது

‘சேவ்’ செய்தால் ஓடாசிட்டியில் மட்டுமே திறக்கும் கோப்பு கிடைக்கும். மற்றவர்கள் கேட்பதற்கு ‘எக்ஸ்போர்ட்’ செய்ய வேண்டும். ‘வேவ்’ வடிவத்தில் ஒற்றைத் தடப் பதிவு நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 மெகாபைட் பிடிக்கும், தரம் குறையாது. சாதாரண ‘எம்பி3’ 1 மெகாபைட் அளவே பிடிக்கும், வட்ஸ்அப்பில் அனுப்ப வசதி. திருத்தாத மூலப் பதிவை ஒருபோதும் அழிக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கவும் வேண்டாம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி, நிந்தவூர் உள்ளிட்ட அம்பாறைக் கரையோர ஊர்களைத் தாக்கியது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண்சரிவு மூடியது. வீடே போகும்போது உள்ளே இருக்கிற படமும் பதிவும் மிஞ்சாது. ஆகவே ஒரு பிரதி வீட்டில், இன்னொன்று வெளியூர் உறவினரிடம் இருக்கட்டும். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணைய நூலகத்தினர் நூல்களோடு ஒலிப்பதிவுகளையும் பாதுகாத்து வருகிறார்கள். சம்மதம் இருந்தால் அவர்களுக்கும் கொடுக்கலாம்.

கணினி படிக்கும் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். வருகிற ஞாயிறு, வீட்டுப் பெரியவர் ஒருவரின் ஒரே ஒரு பாட்டிலிருந்து ஆரம்பிப்போம்.