சீனத்தில் கடவுளின் பெயர்

மாணவர்களே, சீனக் கிறிஸ்தவர் கடவுளை எப்பெயரால் அழைப்பது? பண்டைச் சீன நூல்களிலுள்ள ‘ஷாங்தி’யை ஏற்றால், முன்னோர் அறிந்த இறைவனே இவர் என்றாகும், புதுப்பெயரிட்டால் அயல்நாட்டார் தெய்வமாகிவிடுவார்.

இயேசு சபைத் துறவி மத்தேயோ ரிச்சி அப்பழம்பெயரோடு, விண்ணகத் தலைவர் எனப் பொருள்படும் ‘தியன்சு’வையும் வழங்கினார். 1715-இல் போப்பாண்டவர் முன்னதை விலக்கினார். பின்னதே கத்தோலிக்கரிடம் நிலைத்தது.

பின்வந்த சீர்திருத்தச் சபையார், ‘ஷாங்தி’யா, தெய்வங்களுக்கெல்லாம் பொதுவான ‘ஷென்’னா என்று நெடுங்காலம் வாதிட்டனர். முடிவில், 1919-இல் வெளிவந்த வேதாகமம் இரு பதிப்புகளாக அச்சாயிற்று. வாதம் தீருமட்டும் காத்திராதது அறிவுடைமை என்பேன். சீனத்தில் ஷாங்தி ஈரெழுத்து, ஷென் ஓரெழுத்து. இரு பதிப்புகளின் வரிகளும் ஒத்திருக்கும்படி, ‘ஷென்’னுக்கு முன் ஓரெழுத்திடம் வெறுமையாக விடப்பட்டது. இன்றும் பல பிரதிகளில் அவ்வெற்றிடத்தைக் காணலாம்.

சீன அரசு இவ்விரு பிரிவையும் தனித்தனிச் சமயங்களாகவே எண்ணுகிறது: ஒன்று ‘விண்ணகத் தலைவர் நெறி’, மற்றது ‘கிறிஸ்து நெறி’.