நம்ம பேருல இருக்கிற சொத்து நமக்குப் பிறகு யாருக்கு?



நம்ம சுங்குவார்சத்திரம் பக்கம் நிலத்தை ஏக்கர் கணக்கில் பேசின காலம் போய், இப்போ சென்ட் கணக்கில், ஏன், சதுர அடிக் கணக்கில் பேசுறாங்க. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் என்று வரிசையாக சிப்காட் வந்ததன் விளைவு இது. கூடவே இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. பெண்கள் பேரிலும் சொத்து சேர்ந்திருக்கிறது. வீட்டுமனைப் பட்டா, குழுக் கடன் வாங்கிக் கட்டின வீடு, வங்கியில் போட்ட பணம், கம்பெனி வேலைக்குப் போகிற பெண்ணுக்கு பி.எஃப். பணம் என்று ஏதோ ஒன்று பலருக்கும் இருக்கிறது.

"உங்களுக்குப் பிறகு இது யாருக்கு?" என்று கேட்டால், "வேற யாருக்கு, என் பிள்ளைங்களுக்குத்தான்" என்று பதில் வரும். பிள்ளை இருந்தால் சரி. இல்லாதவர்களுக்கு?

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. ஒரு இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவள் சொத்து முதலில் மகன், மகள், கணவன் எல்லோருக்கும் சம பங்காகப் போகும். மகனோ மகளோ முன்பே இறந்திருந்தால் அவர்களுடைய பிள்ளைகளுக்கு அந்தப் பங்கு உண்டு. இவர்கள் யாரும் இல்லை என்றால் அடுத்து யார்? பெற்ற தாய் தகப்பன் என்றுதான் நினைப்போம். அப்படி இல்லை. கணவனுடைய வாரிசுகள்தான் அடுத்து. அவர்களும் இல்லாவிட்டால்தான் தாய் தகப்பனுக்கு வரும். தாய் வீட்டிலிருந்து வாரிசாக வந்த சொத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. பிள்ளையோ பேரப்பிள்ளையோ இல்லாவிட்டால் அது தகப்பனுடைய வாரிசுகளுக்குத் திரும்பும். ஆனால் அவள் உழைத்துச் சம்பாதித்ததற்கு இந்த விலக்கு கிடையாது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. 1955இல் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் ஆனது. மூன்று மாதத்துக்குள் கணவன் பாம்பு கடித்து இறந்துபோனான். புகுந்த வீட்டார் அவளை விரட்டிவிட்டார்கள். தாய் வீடுதான் சேர்த்துக்கொண்டு படிக்க வைத்தது. வேலைக்குப் போனாள், வங்கியிலும் பி.எஃப்.பிலும் நல்ல தொகை சேர்த்தாள். 1996இல் உயில் எழுதாமல் இறந்தாள். அவளுடைய தாய் பணத்தைக் கேட்டார். கணவனுடைய அக்கா தங்கை பிள்ளைகளும் கேட்டார்கள். நாற்பது வருஷம் எட்டிப் பார்க்காதவர்கள்! 2009இல் உச்ச நீதிமன்றம் பணம் அவர்களுக்குத்தான் என்று தீர்ப்புச் சொன்னது. இரக்கத்தை வைத்து முடிவு செய்ய முடியாது, சட்டம் சொல்வதுதான் என்றார்கள். ஓம்பிரகாஷ் எதிர் ராதாசரண் என்பது அந்த வழக்கு.

ஒரே ஒரு தாள் எழுதி வைத்திருந்தால் அந்தத் தாய்க்கு இந்த நிலை வந்திருக்காது. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே பெண்களை உயில் எழுதி வைக்கும்படி கேட்டுக்கொண்டது.

உயில் எழுதினா ஆயுசு குறையும் என்று நம்ம வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. அதை விட்டுத் தள்ளுங்கள். 18 வயது முடிந்து, தெளிந்த புத்தியோடு இருக்கிற யாரும் எழுதலாம். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத் தாள் போதும். எந்தச் சொத்து, சர்வே எண் என்ன, யாருக்கு எவ்வளவு என்று தெளிவாக எழுதி, தேதி போட்டு, கையெழுத்தோ கைநாட்டோ வையுங்கள். இரண்டு சாட்சிகள் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சி விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சொத்து வாங்கப் போகிறவரையே சாட்சி ஆக்காதீர்கள். எண்பது வயது பெரியவரையும் தவிர்க்கலாம். நாளைக்கு கோர்ட்டில் உயிலை நிரூபிக்கணும் என்றால் சாட்சி உயிரோடு இருந்தால் ஒருவராவது வந்து சொல்ல வேண்டும். நம்மைவிட வயது குறைந்த, ஊரிலேயே இருக்கிற ஆள் நல்லது. பதிவு கட்டாயம் இல்லை. ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் தொலைந்துபோகும் பயம் இல்லை. மனசு மாறினால் எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம், கடைசியாக எழுதினதுதான் செல்லும்.

"அப்புறம் கோர்ட்டில் புரொபேட் வாங்கணுமாமே, அதுக்கு லட்சக்கணக்கில் ஆகுமாமே?" என்று சிலர் பயப்படுகிறார்கள். புரொபேட் என்றால் உயில் உண்மையானது என்று கோர்ட்டு தரும் சான்று. சென்னை, மும்பை, கொல்கத்தா மாநகரங்களில் எழுதிய உயிலுக்கும் அங்கே உள்ள வீடு, மனைக்கும்தான் அது இந்துக்களுக்குக் கட்டாயமாக இருந்தது. இங்கேயே எழுதி, காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள நிலத்தைக் கொடுக்கும் உயிலுக்கு அது கட்டாயமாக இருந்ததில்லை. சென்னைக்கான அந்த 213ஆவது பிரிவையும் 2025 டிசம்பரில் நீக்கிவிட்டார்கள். வாரிசுகளுக்குள் தகராறு வந்தால் மட்டும் சிவில் கோர்ட்டுக்குப் போகத்தான் வேண்டும்.

வங்கியில் நாமினி போட்டாச்சு, அது போதும் என்றும் இருந்துவிடாதீர்கள். வங்கிக் கணக்கில் நாமினி என்பவர் பணத்தைக் கையில் வாங்குகிறவர். அதில் பங்கு கேட்க வாரிசுகளுக்கு உரிமை உண்டு. உயிலும் நாமினியும் ஒரே ஆளாக இருந்தால் சிக்கல் குறையும்.

முஸ்லிம் சகோதரிகள் மற்ற வாரிசுகள் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. கிறிஸ்தவச் சகோதரிகள் தன் சொத்து முழுவதுக்கும் எழுதலாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். கணவன் உயில் இல்லாமல் இறந்தால் அவர் பேரில் உள்ள சொத்தில் மனைவி, மகன், மகள், அவருடைய தாய் எல்லோருக்கும் சம பங்கு. 60 சென்ட் நிலம், ஒரு மகன், ஒரு மகள், மாமியார் இருக்கிறார் என்றால் உங்களுக்கு 15 சென்ட். காரியம் முடிந்த கையோடு "சும்மா ஒரு கையெழுத்து" என்று நீட்டப்படும் தாள் விடுதலைப் பத்திரமாக இருக்கலாம். வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், பத்து நாள் டைம் கேளுங்கள்.

வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுக்கலாம். போனில் கேட்க 15100. போகும்போது பட்டா, பத்திரம், ஆதார், இறப்புச் சான்றிதழ் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.